குழியும் காயும் சார்பும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கணினி விளையாட்டு என்றதும் கண்முன் தோன்றுவது வண்ணமும் ஒலியும் விரைவும் ஆகும். அவற்றுக்கு அடியில் எந்த விளையாட்டுக்கும் உயிராக அமைவது விதி. விதியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரே விளையாட்டை உருவாக்க வல்லவர். நம் திண்ணைகளில் ஆடப்பட்ட பல்லாங்குழியை எடுத்துக்கொண்டு, அதன் விதிகளைச் சார்புகளாக எழுதினால் ஒரு கணினி விளையாட்டின் உள்ளம் எவ்வாறு உருவாகும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பேரேடு கற்பிக்கும் பாடம்

பொள்ளாச்சி, சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். மாடு, தேங்காய், வெல்லம் எனப் பலவகைப் பொருள்களுக்கும் அங்கே வணிகம் நடக்கிறது. மண்டிகளில் கணக்கு எழுதும் முறையில் ஒரு நெறி உண்டு. நேற்று எழுதிய வரியை இன்று சுரண்டி அழித்துத் திருத்துவது வழக்கமன்று. சரக்கு வந்தாலும் பணம் போனாலும் புதிய வரி ஒன்று கீழே சேரும். பழைய வரி அப்படியே இருக்கும். பிழை நேர்ந்துவிட்டால், அதைச் சரிசெய்யும் பதிவும் ஒரு புதிய வரியாகவே இடம்பெறும். அதனால் எந்த நாளின் இருப்பையும் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம். பிழை எந்த வரியில் புகுந்தது என்றும் கண்டறியலாம்.

நிரல் எழுதுவதிலும் இவ்விரு முறைகள் உண்டு. கணினியின் நினைவகத்தில் உள்ள மதிப்பை அழித்து, அதே இடத்தில் புதிய மதிப்பை எழுதிச் செல்வது ஒரு முறை. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் பயிலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் பெரும்பாலும் இம்முறையையே கையாளுகிறோம். பழைய மதிப்பைத் தொடாமல், அதிலிருந்து புதிய மதிப்பைப் பெறுவது மற்றொரு முறை. இந்த இரண்டாம் முறையை அடிப்படையாகக் கொண்டது சார்புவழி நிரலாக்கம்.

சார்பு என்னும் சொல் கணிதப் பாடத்தில் நமக்கு அறிமுகமானதே. ஒரு மதிப்பை உள்ளீடாகக் கொடுத்தால், அதற்குரிய ஒரே ஒரு மதிப்பை வெளியீடாகத் தருவது சார்பு. எத்தனை முறை கேட்டாலும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் கிடைக்கும். விடை தருவதைத் தவிர வேறெதையும் மாற்றாத இத்தகைய சார்பை நிரலாக்கத்தில் தூய சார்பு என்பர். தூய சார்புகளை ஒன்றோடொன்று கோத்து நிரலை அமைப்பதே இம்முறையின் இயல்பு.

தெரிந்து தெளிவோம்

சார்புவழி நிரலாக்கத்தின் வேர் கணிதத்தில் உள்ளது. 1930களில் அலோன்சோ சர்ச் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் லாம்டா கணிதத்தை வகுத்தார். அக்கருத்துகளைத் தழுவி 1958இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1970களில் ராபின் மில்னர் எடின்பரோவில் எம்.எல். மொழியை வடிவமைத்தார். 1990இல் ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை வெளிவந்தது. ஹாஸ்கெல் கறி என்னும் கணித அறிஞரின் பெயரே அம்மொழிக்குச் சூட்டப்பட்டது.

ஆட்டம் என்பது நிலைகளின் வரிசை

பல்லாங்குழிப் பலகையில் வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளில் பதினான்கு குழிகள் இருக்கும். புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி போன்றவை காய்களாகும். குழிக்கு இத்தனை காய் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். குழிக்கு ஐந்து எனக் கொண்டால் பலகையில் மொத்தம் 70 காய்கள் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை உரியது. ஆடுபவர் தம் வரிசையில் ஒரு குழியைத் தேர்ந்து, அதிலுள்ள காய்கள் அனைத்தையும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கையில் காய் தீர்ந்ததும் அடுத்த குழியைப் பார்ப்பார். அதில் காய் இருந்தால் அள்ளி ஆட்டத்தைத் தொடர்வார். அது வெறுங்குழியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ள காய்களைத் தமதாக்கிக்கொள்வார். அத்துடன் அவர் முறை முடியும்.

இவ்வாட்டத்தை நிரலாக்க முனையும்போது முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டு நாளை தொடர வேண்டுமானால், எவற்றைக் குறித்து வைக்க வேண்டும்? ஒவ்வொரு குழியிலும் உள்ள காய்களின் எண்ணிக்கை, கையில் உள்ள காய்கள், கை கடைசியாகச் சென்ற குழியின் எண், இருவரும் வென்ற காய்கள், இப்போது யாருடைய முறை என்பன போதும். இவற்றின் தொகுப்பையே நிலை என்கிறோம். பலகையின் நிறமும் காயின் வடிவமும் நிலையில் சேரா. அவை காட்சியைச் சேர்ந்தவை.

நிலை எது என்று முடிவாகிவிட்டால், ஆட்டம் என்பது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலையைத் தரும் சார்பாகிறது. பழைய நிலை அழிவதில்லை. பேரேட்டின் வரிகளைப் போல நிலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைகின்றன.

மூன்று வினைகள், ஒரு விதி

பல்லாங்குழியில் கை செய்யும் வேலைகள் மூன்றே. அடுத்த குழியின் காய்களைக் கையில் எடுத்தல் ‘அள்ளு’. கையிலிருந்து ஒரு காயை அடுத்த குழியில் போடுதல் ‘இடு’. வெறுங்குழியைத் தாண்டி அதற்கடுத்த குழியின் காய்களை வெல்லுதல் ‘துடை’. இம்மூன்றையும் மூன்று சார்புகளாக எழுதிக்கொண்டால், ஒருவரின் முறை முழுவதையும் ‘ஆடு’ என்னும் ஒரே சார்பில் அடக்கலாம். அதன் போலிக் குறிமுறை வருமாறு:

ஆடு (நிலை) :=
கையில் காய் இருந்தால், ஆடு (இடு (நிலை))
கையில் காய் இன்றி, அடுத்த குழியில் காய் இருந்தால், ஆடு (அள்ளு (நிலை))
இரண்டும் இல்லையெனில், துடை (நிலை)

முதல் வரியைக் கவனிக்க. உள்ளே இருக்கும் ‘இடு’ ஒரு புதிய நிலையைத் தருகிறது. அந்த நிலை மீண்டும் ‘ஆடு’ சார்புக்கே உள்ளீடாகிறது. ஒரு சார்பு தன்னைத் தானே அழைக்கும் இம்முறை தற்சுழற்சி எனப்படும். மூன்றாம் வரியில் ‘ஆடு’ மீண்டும் அழைக்கப்படவில்லை. சுழற்சி அங்கே நிற்கிறது. தற்சுழற்சியை எழுதும்போது அது நிற்கும் இடத்தையும் எழுதியாக வேண்டும்.

இதைக் கையால் செய்து பார்க்கச் சிறு பலகை ஒன்றைக் கொள்வோம். குழிகள் ஆறு, குழிக்கு இரண்டு காய், மொத்தம் 12. முதல் மூன்று குழிகள் முதலாமவருக்கும் அடுத்த மூன்று இரண்டாமவருக்கும் உரியவை. ஆறாம் குழிக்கு அடுத்தது முதற்குழி. முதலாமவர் முதற்குழியிலிருந்து தொடங்குகிறார்.

தொடக்கம்: 2 2 2 2 2 2, கையில் 0
அள்ளு: 0 2 2 2 2 2, கையில் 2
இடு: 0 3 2 2 2 2, கையில் 1
இடு: 0 3 3 2 2 2, கையில் 0
அள்ளு: 0 3 3 0 2 2, கையில் 2
இடு: 0 3 3 0 3 2, கையில் 1
இடு: 0 3 3 0 3 3, கையில் 0
துடை: 0 0 3 0 3 3, வென்றவை 3

கடைசியாகக் காய் இட்டது ஆறாம் குழியில். அதற்கு அடுத்த முதற்குழி வெறுங்குழி. ஆதலால் இரண்டாம் குழியின் மூன்று காய்கள் ஆடியவருக்குச் சேர்ந்தன.

மாறுவனவற்றில் மாறாதது

மேற்கண்ட எட்டு வரிகளில் எதை எடுத்தாலும், குழிகளில் உள்ளவை, கையில் உள்ளவை, வென்றவை ஆகியவற்றின் கூடுதல் 12 ஆகவே இருக்கும். அள்ளும்போது காய்கள் குழியிலிருந்து கைக்கு மாறுகின்றன. இடும்போது கையிலிருந்து குழிக்கு மாறுகின்றன. துடைக்கும்போது குழியிலிருந்து வென்றவற்றோடு சேர்கின்றன. எவ்வினையிலும் காய் புதிதாகத் தோன்றுவதில்லை, மறைவதும் இல்லை. நிலைகள் மாறும்போதும் மாறாமல் நிற்கும் இத்தகைய பண்பினை மாற்றமிலி என்பர்.

இதன் பயன் பெரிது. மூன்று சிறு சார்புகளும் தனித்தனியே கூடுதலைக் காக்கின்றன என்று காட்டிவிட்டால், அவற்றைக் கோத்து உருவாகும் எந்த ஆட்டமும் கூடுதலைக் காக்கும் என்பது உறுதியாகிறது. கணிதத்தில் கற்கும் தொகுத்தறிதல் முறை இங்கே நிரலின் சரியைச் சோதிக்கும் கருவியாகிறது. நிரல் ஓடும்போது கூடுதல் 11 என வந்தால், பிழை உள்ளது என உடனே தெரியும். முந்தைய நிலைகள் அழியாமல் இருப்பதால், எந்த வரியில் காய் காணாமற் போயிற்று என்பதையும் கண்டுபிடிக்கலாம். ஆட்டத்தில் ஒரு படி பின்வாங்குவதற்கும் தனி நிரல் தேவையில்லை. வரிசையின் கடைசி நிலையை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதை எடுத்துக்கொண்டால் போதும்.

கணினியை எதிராளியாக்குதல்

இனி இரண்டாமவரின் முறை. பலகை 0 0 3 0 3 3 என உள்ளது. அவருக்குரிய குழிகளில் நான்காவது வெறுமையானது; ஐந்தாவதிலிருந்தோ ஆறாவதிலிருந்தோ தொடங்கலாம். கணினி இரண்டாமவராக ஆடினால் எதைத் தேர்ந்தெடுக்கும்? ஒரே நிலையை ‘ஆடு’ சார்புக்கு இருமுறை கொடுத்துப் பார்க்கும். முதல் முயற்சி பலகையைக் கலைத்துவிடுமோ என்னும் அச்சம் இல்லை. மூலநிலை தொடப்படாமல் இருக்கிறது.

ஐந்தாம் குழியிலிருந்து ஆடினால் முடிவில் பலகை 0 2 0 0 1 5 ஆகும். கிடைப்பது ஒரு காய். ஆறாம் குழியிலிருந்து ஆடினால் பலகை 1 1 4 0 0 0 ஆகும். கிடைப்பவை மூன்று காய்கள். எனவே கணினி ஆறாம் குழியைத் தேர்ந்தெடுக்கும்.

ஒரு விதி ஆட்டத்தைப் புரட்டுகிறது

பல இடங்களில் பல்லாங்குழிக்கு மற்றொரு விதியும் உண்டு. காய் இட்டுச் செல்லும்போது ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்துவிட்டால் அது ‘பசு’ எனப்படும். அக்குழிக்கு உரியவர் அந்நான்கையும் உடனே எடுத்துக்கொள்வார். இவ்விதியைச் சேர்க்க முன்பு எழுதியவற்றை அழிக்க வேண்டியதில்லை. ‘பசுவெடு’ என்னும் புதிய சார்பை எழுதி, முதல் வரியை மட்டும் ஆடு (பசுவெடு (இடு (நிலை))) என அமைத்தால் போதும். கணிதத்தில் சார்புகளின் சேர்ப்பு எனக் கற்பது இதுவே.

இப்போது அதே நிலையை மீண்டும் ஆடிப் பார்ப்போம். ஐந்தாம் குழியில் தொடங்கினால் முதற்காய் ஆறாம் குழியில் விழுகிறது. அங்கே நான்கு சேர்கிறது. அது இரண்டாமவரின் குழி, பசு அவருக்கே. ஆட்டம் தொடர்ந்து முடிவில் துடைக்கும்போது மேலும் ஒரு காய் கிடைக்கிறது. ஆக ஐந்து காய்கள். ஆறாம் குழியில் தொடங்கினாலோ, மூன்றாம் குழியில் நான்கு சேர்கிறது. அது முதலாமவரின் குழி. பசு எதிராளிக்குப் போய்விடுகிறது. இரண்டாமவருக்குக் கிடைப்பவை துடைத்த மூன்று காய்கள் மட்டுமே. ஒரு விதி சேர்ந்ததும் நல்ல தேர்வு எது என்பதே தலைகீழாக மாறிவிட்டது.

விதியைச் சரியாக அறிவது இதனால்தான் இன்றியமையாததாகிறது. பல்லாங்குழியின் விதிகள் பெரும்பாலும் ஆடியவர்களின் நினைவிலும் கைப்பழக்கத்திலும் வாழ்கின்றன. அவற்றைச் சார்பாக எழுத முனைந்தால், நாம் அதுவரை கேட்டிராத வினாக்கள் எழும். அடுத்த குழியும் வெறுமை, அதற்கடுத்ததும் வெறுமை என்றால் என்ன செய்வது? இவ்வினாவுடன் பெயர்த்தி ஒருத்தி தன் அம்மாயியிடம் செல்வதாகக் கொள்வோம்.

“ஏனுங் அம்மாயி, ரெண்டு குழியும் வெறுங்குழியா இருந்தா என்னங்க பண்றது?”

“ஒண்ணும் கெடைக்காது கண்ணு. கை மாறிரும்.”

இவ்விடையைத் தந்தவர் கணினியைத் தொட்டிராதவராக இருக்கலாம். ஆயினும் நிரலின் ஒரு வரியை முடிவு செய்தவர் அவரே. அடுத்த ஊரில் வேறொரு பாட்டி வேறு விடை சொல்லக்கூடும். அப்போது இரண்டையும் இரு சார்புகளாக எழுதி, ஊர்ப்பெயரோடு பாதுகாக்கலாம். ஆடுவோர் குறையும்போது பலகை அருங்காட்சியகத்தில் எஞ்சும். விதி எங்கும் எஞ்சாது. அதைக் கேட்டு எழுதிவைக்கும் வாய்ப்பு, தெரிந்தவர் நம்மோடு இருக்கும்வரையே உண்டு.

வெளியுலகும் காட்சியும்

நிலையும் விதியும் அமைந்தபின், அவற்றைத் திரையில் காட்டவும் ஆடுபவரின் தொடுதலைப் பெறவும் வேண்டும். எல்ம் என்னும் சார்புவழி மொழி இதற்கு ஓர் எளிய அமைப்பைப் பின்பற்றுகிறது. நிலை ஒன்று, நிலையையும் நிகழ்வையும் பெற்றுப் புதிய நிலையைத் தரும் சார்பு ஒன்று, நிலையைப் பெற்றுத் திரைக்காட்சியைத் தரும் சார்பு ஒன்று. விரல் தொடுவதும் கடிகாரம் துடிப்பதும் நிகழ்வுகளாக வெளியிலிருந்து வருகின்றன.

தாயம் போன்ற ஆட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. தாயக்கட்டை ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைத் தரும். தூய சார்போ ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையைத் தரும். கட்டையில் விழுந்த எண்ணையும் ஓர் உள்ளீடாகக் கொடுத்துவிட்டால் இச்சிக்கல் தீரும். உருட்டுவது வெளியில் நடக்கும். காயை நகர்த்தும் விதி தூயதாகவே இருக்கும். பல்லாங்குழியில் தற்செயலுக்கு இடமில்லை; ஆதலால் தொடக்கநிலையில் இருப்போருக்கு அது ஏற்றது.

சார்புவழி முறைக்கு எல்லைகளும் உண்டு. ஒவ்வொரு படியிலும் புதிய நிலையை உருவாக்குவதற்கு நினைவகமும் நேரமும் செலவாகும். மாறாத பகுதிகளைப் பழைய நிலையோடு பகிர்ந்துகொள்வதால் இச்செலவு பெரிதும் குறையும். எனினும், நொடிக்குப் பலமுறை முப்பரிமாணக் காட்சியை வரையும் பெரிய விளையாட்டுகளில் சி பிளஸ் பிளஸ் மொழியே மிகுதியாகப் பயன்படுகிறது. அத்துறையினரும் இம்முறையைப் புறக்கணிக்கவில்லை. 1996இல் வெளிவந்த கிராஷ் பாண்டிகூட் விளையாட்டில் பாத்திரங்களின் இயக்கத்தை எழுத, லிஸ்ப் வழிவந்த மொழி ஒன்றை ஆண்டி கேவின் உருவாக்கினார். 1992இல் வெளிவந்த உல்ஃபன்ஸ்டைன் முப்பரிமாண விளையாட்டை உருவாக்கியோருள் ஒருவரான ஜான் கார்மாக், பின்னாளில் அதை ஹாஸ்கெல் மொழியில் எழுதிப் பார்த்த பட்டறிவை 2013இல் உரையாக வழங்கினார்.

தெரியுமா?

சென்னையை அடுத்த சிறுசேரியில் அமைந்துள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் ஆகியோர் ஹாஸ்கெல் மொழிவழிச் சார்பு நிரலாக்கத்தைக் காணொலிப் பாடங்களாக வழங்கியுள்ளனர். அவை என்.பி.டி.இ.எல். என்னும் தேசிய இணையவழிக் கல்வித் திட்டத்தின் பகுதியாகும்.

தொடங்கும் வழி

விளையாட்டை உருவாக்க விரும்புவோர் முதலில் கணினியின்முன் அமர வேண்டியதில்லை. தாமே ஆடி அறிந்த ஓர் ஆட்டத்தைத் தேர்ந்துகொள்க. அதை நடுவில் நிறுத்தித் தொடர எவை தேவை என்று பட்டியலிடுக. ஆட்டத்தின் வினைகளைச் சிறு சார்புகளாகப் பிரிக்க. எவ்வினையாலும் மாறாதது எது என்று காண்க. சிறு பலகையில் கையால் ஆடி, ஒவ்வொரு நிலையையும் தாளில் வரியாக எழுதுக. இவ்வளவும் முடிந்தபின் ஹாஸ்கெல், எல்ம், ஓகேமல் முதலிய எம்மொழியிலும் அதை எழுதலாம். வண்ணமும் ஒலியும் கடைசியில் வந்து சேரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பல்லாங்குழி ஆடியவர் ஒருவரைச் சந்தித்து, குழிக்கு எத்தனை காய், பசு விதி உண்டா, இரு வெறுங்குழிகள் அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வர் என்பனவற்றைக் கேட்டெழுதுக.

2. ஆடுபுலி ஆட்டத்தின் நிலையில் இடம்பெற வேண்டியவற்றைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 0 3 3 0 3 2 என்னும் நிலையில் கையில் உள்ள காய் ஒன்று, வென்றவை இல்லை. மாற்றமிலியின் மதிப்பு
அ) 10 ஆ) 11 இ) 12 ஈ) 14

குறுவினா

2. தூய சார்பு என்பது யாது?

3. நிலையில் பலகையின் நிறம் சேராதது ஏன்?

சிறுவினா

4. மண்டிப் பேரேட்டுக்கும் சார்புவழி நிரலாக்கத்துக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.

5. தாயக்கட்டையின் எண்ணை உள்ளீடாகக் கொள்வதன் தேவையை எடுத்துரைக்க.

நெடுவினா

6. பசு விதி சேர்ந்தபின் இரண்டாமவரின் தேர்வு மாறியதைப் படிப்படியாக எழுதிக் காட்டி, விதியைத் துல்லியமாக அறிவதன் இன்றியமையாமையை நிறுவுக.

7. ‘ஆடு’ சார்பு எல்லா நிலைகளிலும் ஒருநாள் நின்றே தீருமா? சிறு பலகைகளில் ஆடிப் பார்த்து உங்கள் கருத்தைச் சான்றுகளுடன் எழுதுக.